எதிராளி கையைப் படிக்கக் காசு எதுக்கு?

இந்தத் தடவை மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, ஹோம் லோனும் இல்ல. சீட்டாட்டம். ஆடிட்டர் சீட்டாட்டத்தைப் பத்தி எழுதறாரேன்னு சிரிக்காதீங்க. ரிட்டர்ன் சீசன்ல என் மேஜைக்கு வர்ற ஏ.ஐ.எஸ். அறிக்கைகள்ல இந்த விஷயம் அடிக்கடி எட்டிப் பார்க்குது. அதனாலதான்.

2025 ஜூலையில ஒரு பையன் வந்தார். வயசு 27, ஐ.டி. வேலை, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 58,000. 2023-24 நிதியாண்டுல ஒரு போக்கர் ஆப்ல அவருக்கு நிகர வெற்றி 1,20,000 ரூபாய். அதுக்கு 30 சதவீதம் வரி, மேல 4 சதவீதம் செஸ், ஆக 37,440. அதை ஒழுங்காக் கட்டியும் இருந்தார். 2024-25ல அதே ஆப்ல 2,10,000 போயிடுச்சு. "இந்த நஷ்டத்தைப் போன வருஷ லாபத்துல கழிச்சுக்கலாமா சார்?"

முடியாதுங்க. அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போகவும் முடியாது. ஜெயிச்ச வருஷத்துக்கு வரி உண்டு, தோத்த வருஷத்துக்கு ஆறுதல்கூடக் கிடையாது. 12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்களே, அந்தச் சலுகையும் இந்த வருமானத்துக்குப் பொருந்தாது. ரெண்டு வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தா ஆட்டத்துல மைனஸ் 90,000. வரியையும் கூட்டினா மைனஸ் 1,27,440. அவரோட ரெண்டு மாசச் சம்பளத்தைவிட ஜாஸ்தி.

பேப்பர்ல எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இருக்கட்டும் சார், இப்ப என் ஹேண்ட் ரீடிங் நல்லா வந்துடுச்சு, மீட்டுடுவேன்" அப்படின்னார். நான் எதுவும் சொல்லல. கன்சல்டேஷன் ஃபீஸ் வாங்கிட்டு உபதேசம் பண்றது எனக்குப் பிடிக்காது.

அடுத்த மாசமே ஆட்டம் மாறிடுச்சு. 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஆன்லைன் கேமிங் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் திறமையா, அதிர்ஷ்டமான்னு அந்தச் சட்டம் பார்க்கறதே இல்ல. ரெண்டையும் சேர்த்து மூடிடுச்சு. பெரிய ஆப்கள் எல்லாம் பண ஆட்டத்தை நிறுத்தின. செப்டம்பர்ல பையன்கிட்ட இருந்து போன். "சார், வெளிநாட்டு சைட் ஒண்ணு இருக்கு. கிரிப்டோல போட்டு ஆடலாமாம். பிரெண்ட் சொல்றான்."

எதுக்குங்க அதுன்னு கேட்டேன். அதுக்கு அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். "காசு வெச்சு ஆடலைன்னா ஹேண்ட் ரீடிங் துருப்பிடிச்சிடும் சார். ஃப்ரீ ஆட்டத்துல எவனும் ஒழுங்கா ஆட மாட்டான். அதுல எதைப் படிக்கிறது?"

இந்த வாதத்துல பாதி சரி. அதனாலதான் ஆபத்து. நானும் சி.ஏ. முடிச்ச புதுசுல ரெண்டு வருஷம் இதையே நம்பி ஆடினவன். எவ்வளவு விட்டேன்னு கேக்காதீங்க, வீட்டுல இதைப் படிப்பாங்க. என் கருத்தை நேராச் சொல்லிடறேன்: எதிராளி கையைப் படிக்கிறது நிஜமான திறமை, பழகினா கட்டாயம் வளரும். ஆனா அது வளர்ற இடம் நோட்டுப் புத்தகம். காசு வெச்ச மேஜையில உக்காந்தா அந்தத் திறமை உங்களுக்கு இருக்கா இல்லையான்னே தெரியாமப் போயிடும்.

கை படிக்கிறதுன்னா என்ன?

கைரேகை ஜோசியம் இல்லீங்க. முகத்தைப் பார்த்து, கண்ணு துடிக்குதான்னு பார்த்துக் கண்டுபிடிக்கறதும் இல்ல. சினிமாவுல அப்படிக் காட்டுவாங்க. நிஜத்துல முக்கால்வாசி தகவல் எதிராளி எப்ப, எவ்வளவு பெட் கட்டறார்ங்கறதுலதான் இருக்கு.

நம்ம ஊர்ல இதுக்குச் சரியான உதாரணம் கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மாடியில ரம்மி ஓடும். அதுல ஒரு பெரியப்பா இருப்பார். பேசவே மாட்டார். ஆனா யார் எந்தச் சீட்டை எடுத்தாங்க, யார் எதைக் கழிச்சாங்கன்னு எல்லாம் மனசுல ஓடிட்டே இருக்கும். "அவன் ஹார்ட் எட்டைக் கீழே போட்டுட்டான், அப்ப ஏழு ஒன்பது அவன்கிட்ட இல்ல" அப்படின்னு கணக்குப் போட்டுத்தான் தன் சீட்டை விடுவார். கை படிக்கிறது இதுதான். போக்கர்ல கீழே போட்ட சீட்டு கிடையாது, அதுக்குப் பதிலா பெட்.

டெக்ஸாஸ் ஹோல்டெம் ஆட்டத்துல ஆளுக்கு ரெண்டு சீட்டு மறைவா. நடுவுல பொதுவா அஞ்சு சீட்டு: முதல்ல மூணு (ஃப்ளாப்), அப்புறம் ஒண்ணு (டர்ன்), கடைசியா ஒண்ணு (ரிவர்). ஒவ்வொரு கட்டத்துலயும் பெட் நடக்கும். மறைவான ரெண்டு சீட்டு மொத்தம் எத்தனை விதமா வரலாம்? 52-ஐ 51-ஆல பெருக்கி ரெண்டால வகுங்க. 1,326. எதிராளிகிட்ட இருக்கறது இந்த 1,326-ல ஒண்ணு. அது எதுன்னு நேராக் குறி வெச்சு அடிக்கறதுதான் புதுசா ஆடறவங்க பண்ற முதல் தப்பு. "அவன்கிட்ட கிங் ஜோடிதான், எனக்குத் தெரியும்." எப்படித் தெரியும்? தெரியாது. நல்லா ஆடறவங்க ஒரு கையை யூகிக்க மாட்டாங்க, ஒரு கூட்டத்தை எடுத்துக்குவாங்க. அதுக்கு ரேஞ்சுன்னு பேரு. ஒவ்வொரு பெட்டுக்கும் அந்தக் கூட்டத்துல சிலரை வெளியே அனுப்பிக்கிட்டே வருவாங்க.

எண்ணிக்கையில மூணு விஷயம் மனப்பாடமா இருந்தாப் போதும். எந்த ஒரு ஜோடியும் 6 விதத்துல வரும். ஏஸ்-கிங் மாதிரி ஜோடி இல்லாத கை 16 விதம். அதுல ஒரே சின்னத்துல வர்றது 4. உங்க கையிலயோ தரையிலயோ ஒரு சீட்டு தெரிஞ்சுட்டா இந்த எண்கள் குறையும்.

ஒரு கையைப் பிரிச்சுப் பார்ப்போம்

பிளைண்ட் 1, 2. எல்லாம் வெறும் காயின், பணம் இல்ல. முன்வரிசையில உக்காந்திருக்கற ஒருத்தர் 6-க்கு ஏத்தறார். நிதானமான ஆள். பத்துக் கை வந்தா ஒம்பதை மடிச்சு வெச்சுடுவார், அதிகமா பிளஃப் பண்ண மாட்டார். நீங்க பிக் பிளைண்ட்ல ஸ்பேட் ஜாக், ஸ்பேட் பத்து வெச்சுக்கிட்டு கால் பண்றீங்க. மத்தவங்க எல்லாம் மடிச்சாச்சு. பாட் 13.

இந்த ஆள் எதுக்கெல்லாம் ஏத்துவார்? ஏழு ஜோடியில இருந்து ஏஸ் ஜோடி வரைக்கும், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஒரே சின்னமா இருந்தா ஏஸ்-ஜாக்கும் கிங்-குயினும். எண்ணுங்க: எட்டு ஜோடிக்கு 48, ஏஸ்-கிங் 16, ஏஸ்-குயின் 16, மத்தது 4 + 4. மொத்தம் 88. ஒரு சீட்டும் தரைக்கு வரல, அதுக்குள்ள 1,326 கை 88 ஆயிடுச்சு. கை படிக்கிறதுல பெரிய வெட்டு இங்கேயேதான் விழுது. நிறைய பேர் இந்த இடத்தைத் தூங்கிக்கிட்டே தாண்டிடறாங்க.

ஃப்ளாப்: டைமண்ட் ஜாக், கிளாவர் ஏழு, ஸ்பேட் ரெண்டு. உங்களுக்கு ஜாக் ஜோடி ஆயிடுச்சு. ஆனா முதல்ல அவர் பக்கம் எண்ணுங்க. ரெண்டு ஜாக் தெரிஞ்சுடுச்சு, அதனால அவருக்கு ஜாக் ஜோடி வர 1 வழிதான். ஒரு ஏழு தரையில, ஏழு ஜோடிக்கு 3 வழி. ஒரு பத்து உங்ககிட்ட, பத்து ஜோடிக்கும் 3. ஒரே சின்ன ஏஸ்-ஜாக் 2. மத்ததெல்லாம் அப்படியே. 88 இப்ப 75. நீங்க செக் பண்றீங்க, அவர் 8 கட்டறார். இந்த மாதிரித் தரையில அவர் எல்லாக் கைக்கும் ஒரு தடவை கட்டுவார்னு வெச்சுப்போம். யாரும் வெளியே போகல. நீங்க கால். பாட் 29.

டர்ன்: ஹார்ட் நாலு. ஒண்ணுத்துக்கும் உதவாத சீட்டு. நீங்க செக், அவர் 20 கட்டறார். இப்பத்தான் விஷயம் ஆரம்பிக்குது. எட்டு, ஒன்பது, பத்து ஜோடி வெச்சிருக்கற நிதானமான ஆள், ஜாக் தரையில கிடக்கும்போது ரெண்டாவது தடவை இவ்வளவு கட்டுவாரா? செக் பண்ணிட்டு ஷோடவுன் வரை மலிவாப் போகத்தான் பார்ப்பார். அந்த 15 கையும் வெளியே. மிச்சம் 60. அதுல 24 உங்களை ஜெயிக்கிற கை: குயின், கிங், ஏஸ் ஜோடி 18, ஏழு ஜோடி 3, ஜாக் ஜோடி 1, ஏஸ்-ஜாக் 2. மீதி 36 எதுவும் சேராத ஏஸ்-கிங், ஏஸ்-குயின், கிங்-குயின். நீங்க கால் பண்றீங்கன்னு வெச்சுக்கலாம். பண்ணலாமாங்கறது தனிச் சண்டை. பாட் 69.

ரிவர்: டைமண்ட் மூணு. அவர் 60 கட்டறார்.

நீங்க 60 போட்டா மொத்தப் பாட் 189. அறுபதை 189-ஆல வகுத்தா ஏறக்குறைய 32 சதவீதம். அதாவது நூத்துக்கு 32 தடவையாவது நீங்க ஜெயிச்சாத்தான் இந்தக் கால் கட்டுப்படியாகும். உங்களை ஜெயிக்கிற 24 கையும் இங்க கட்டும். அப்ப அந்த 36 வெறுங்கையில குறைஞ்சது 12 கையையாவது அவர் மூணாவது தடவையும் பிளஃபாக் கட்டியிருக்கணும். மூணுல ஒண்ணு. கேள்வி இப்ப எவ்வளவு சின்னதாயிடுச்சு பாருங்க. "அவன்கிட்ட என்ன இருக்கு" இல்ல. "இந்த மனுஷன் வெறுங்கையோட மூணு தடவை கட்டற ஆளா, அதுவும் மூணுல ஒரு தடவை?" பத்துல ஒம்பதை மடிக்கற ஆள் அப்படிப் பண்ண மாட்டார். ஜாக் ஜோடியை மடிச்சு வெச்சுட்டு டீ குடிக்கப் போலாம்.

இதுல ஒரு விதி இருக்கு, ரொம்ப முக்கியம். கூட்டம் சுருங்கலாம், திரும்ப விரியக் கூடாது. ரிவர்ல மூணு வந்ததும் "ஐயோ, ஏஸ்-அஞ்சா இருந்து ஸ்ட்ரெயிட் அடிச்சுட்டானோ"ன்னு பயம் வரும். ஏஸ்-அஞ்சை நீங்க ஆரம்பத்துலயே உள்ள சேர்க்கல. இப்ப பயத்துல சேர்க்கக் கூடாது. ஆரம்பக் கணிப்பு தப்புன்னு தோணினா முதல்ல இருந்து திரும்பப் போடுங்க. ஆடிட்ல நாங்க ஓப்பனிங் பேலன்ஸைத் திருத்தாம குளோசிங்ல மட்டும் ஒரு எண்ணைத் திணிச்சா என்ன ஆகுமோ அதேதான் இங்கயும்.

துருப்பிடிக்குமா?

இப்ப பையன் கேட்டதுக்கு வருவோம். மேல போட்ட கணக்குல பணம் எங்க தேவைப்பட்டுச்சு? எங்கயும் இல்ல. பேப்பரும் பேனாவும்தான்.

ஆனா அவர் சொன்ன பாதி சரின்னேனே, அது இதுதான்: ஃப்ரீ ஆப்ல ஆயிரம் கோடி காயின் சும்மா கொடுத்தா எல்லாரும் எல்லாத்துக்கும் ஆல்-இன் போவாங்க. அந்தப் பெட்டுக்கு அர்த்தமே கிடையாது. படிக்க எதுவும் இருக்காது. உண்மை. அதுக்கு வழி நம்ம காசைக் கட்டறது இல்ல. அடுத்தவங்க காசு கட்டி ஆடினதைப் பார்க்கறது.

1999-ல பிரிட்டன்ல 'லேட் நைட் போக்கர்'னு ஒரு டிவி நிகழ்ச்சி வந்துச்சு. மேஜைக்கு அடியில கேமரா வெச்சு ஆடறவங்க மறைச்ச சீட்டைப் பார்க்கறவங்களுக்குக் காட்டினாங்க. அதுக்கப்புறம்தான் போக்கர் பார்க்கத் தகுந்த ஆட்டமே ஆச்சு. இன்னைக்கு யூடியூப்ல மணிக்கணக்கா ஓடுற எல்லா ஒளிபரப்புலயும் ஒவ்வொருத்தர் சீட்டும் திரை ஓரத்துல தெரியும். நீங்க பண்ண வேண்டியது என்னன்னா, அந்த ஓரத்தை ஒரு ஸ்டிக்கி நோட்டால மறைச்சு ஒட்டிடணும். லேப்டாப்ல பாருங்க, போன் வேண்டாம். ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்க. அவர் ஏத்தினதும் பாஸ். ரேஞ்ச் எழுதுங்க, எண்ணுங்க. ஃப்ளாப்ல பெட், பாஸ், வெட்டுங்க. டர்ன், ரிவர் அப்படியே. கடைசியில ஸ்டிக்கி நோட்டை எடுங்க.

சீட்டை மறைக்கறதுன்னதும் ஒருத்தரைச் சொல்லணும். நார்வேயைச் சேர்ந்த அனெட் ஓப்ரெஸ்டாட். 180 பேர் ஆடின ஒரு சின்ன ஆன்லைன் போட்டியில தன் சீட்டையே மறைச்சு வெச்சு ஆடி ஜெயிச்சாங்க. நடுவுல ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்னு சொன்னாங்க. நுழைவுக் கட்டணம் 4 டாலர், நம்ம ஊர் சினிமா டிக்கெட் மாதிரி. 2007 செப்டம்பர்ல லண்டன்ல நடந்த முதல் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் ஐரோப்பா முதன்மைப் போட்டியை ஜெயிச்சு 10 லட்சம் பவுண்டு வாங்கினப்ப அவங்களுக்கு 19 வயசு முடிய ஒரு நாள் பாக்கி. தன் சீட்டைப் பார்க்காம ஆடணும்னா மீதி இருக்கற ஒரே தகவல் எதிராளிதான். பயிற்சிக்காகச் செஞ்ச காரியம் அது. இதைச் சொன்னா "அப்ப நானும் சார்"னு கிளம்பிடாதீங்க. ஒரு போட்டி ஒரு போட்டிதான், அதுக்குப் பின்னால வர்றேன்.

வீடியோ தேர்வுல ஒரு எச்சரிக்கை. அரை மணி நேரமா வெட்டி ஒட்டின டிவி எபிசோடுகளை எடுக்காதீங்க. அதுல பரபரப்பான கைகள் மட்டும்தான் இருக்கும். பார்த்துப் பார்த்து உலகத்துல எல்லாரும் எப்பவும் பிளஃப் பண்றாங்கன்னு மனசுல பதிஞ்சிடும். கிளையன்ட் எடுத்துக் கொடுத்த பில்லை மட்டும் பார்த்து ஆடிட் முடிக்கற மாதிரி. வெட்டாத நீளமான ஸ்ட்ரீமா எடுங்க. போரடிக்கும். போரடிக்கணும், நிஜ ஆட்டம் அப்படித்தான்.

நோட்டுல என்ன எழுதறது? எனக்கு ரெண்டே எண்தான். ஒண்ணு, அந்த ஆள் கடைசியில காட்டின கை என் ரேஞ்சுக்குள்ள இருந்துச்சா, ஆமா இல்ல. ரெண்டு, அப்ப என் ரேஞ்ச்ல எத்தனை கை மிச்சம் இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்தாத்தான் அர்த்தம். முதல் எண்ணை மட்டும் பார்த்தா எல்லாருக்கும் நூத்துக்கு நூறு வரும், ரேஞ்சைப் பெருசா வெச்சுட்டா முடிஞ்சது. சென்செக்ஸ் அடுத்த வருஷம் பத்தாயிரத்துக்கும் ரெண்டு லட்சத்துக்கும் நடுவுல இருக்கும்னு சொல்ற நிபுணர் மாதிரி. ரெண்டாவதை மட்டும் பார்த்தா "கிங் ஜோடிதான்"னு அடிக்கற பழைய பழக்கம் திரும்பிடும்.

ரிவர்ல சீட்டைத் திருப்பறதுக்கு முன்னாடி எழுதிடணும். இது ரொம்ப அவசியம். திருப்பின அப்புறம் மனசு சொல்லும், "நான் அதைத்தான் நினைச்சேன்"னு. எழுதாத கணிப்பு எல்லாமே பின்னாடி சரியாத்தான் இருக்கும். நான் இதை ஆரம்பிச்சப்ப முதல் 40 கையில 17 தடவைதான் நிஜக் கை என் கூட்டத்துக்குள்ள இருந்துச்சு. பாதிகூட இல்ல. ரெண்டு வருஷம் காசு கட்டி ஆடினப்ப நான் நல்லாப் படிக்கற ஆள்னு நினைச்சுட்டிருந்தேன். ஏன்னா ஜெயிச்ச கை ஞாபகம் இருந்துச்சு, தோத்ததுக்கு "லக் இல்ல"ன்னு பேரு வெச்சிருந்தேன். நோட்டுல தப்பின 23-ஐ வரிசையாப் பார்த்தா ஒரே கதை: ரிவர்ல பெரிய பெட் வந்தா பிளஃபுன்னு எழுதியிருக்கேன், பெரும்பாலும் நிஜக் கை இருந்திருக்கு. என் பணம் எங்க போச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அந்தத் தகவலை எந்த ஆப்பும் எனக்குக் கொடுக்கல.

நண்பர்களோட உக்காந்து ஆடணுமா, ஆடுங்க. ஆளுக்கு 200 காயின், தீர்ந்தா வெளியே. மூணு மாசத்துக்குப் பாயின்ட் அட்டவணை போடுங்க. கடைசி இடம் வர்றவர் எல்லாருக்கும் பரோட்டா பண்ணிப் போடணும், கடையில வாங்கக் கூடாது. நம்புங்க, யாரும் சும்மா ஆல்-இன் போக மாட்டாங்க. நீங்க மடிச்ச கையிலதான் பயிற்சி அதிகம். போனை எடுக்காம, மிச்சம் ரெண்டு பேர் என்ன வெச்சிருக்காங்கன்னு மனசுல எண்ணிக்கிட்டே இருங்க. காசு மட்டும் வேண்டாம், பத்து ரூபாயாக்கூட.

அப்ப திறமை இருந்தா சம்பாதிக்கலாமே?

இந்தக் கேள்வி வந்தே தீரும். 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு சொல்லி, தமிழ்நாடு சட்டத்தோட அட்டவணையில இருந்து நீக்கினது உண்மை. பையனும் அதைத்தான் சொன்னார். ஆட்டத்துல திறமைக்கு இடம் இருக்குன்னு நீதிமன்றம் சொல்லுச்சு. உங்ககிட்ட இருக்குன்னு சொல்லல. அந்தத் தீர்ப்புல உங்க பேர் இல்ல.

உங்ககிட்ட இருக்கான்னு ரிசல்ட்டை வெச்சுக் கண்டுபிடிக்க எத்தனை கை ஆகும்? 2015-ல பிட்ஸ்பர்க்ல கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கின கிளாடிகோங்கற கம்ப்யூட்டர் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோட மோதுச்சு. 80,000 கை. மனுஷங்க 7,32,713 டாலர் மதிப்புக் காயின் முன்னாடி இருந்தாங்க. அப்பவும் பல்கலைக்கழகத் தரப்பு இதைப் புள்ளியியல்படி சமன்னுதான் சொல்லுச்சு. அதனால 2017-ல லிப்ராட்டஸ்ங்கற அடுத்த கம்ப்யூட்டரை இறக்கினப்ப கை எண்ணிக்கையை 1,20,000 ஆக்கினாங்க, 20 நாள். அந்தத் தடவை கம்ப்யூட்டர் 17,66,250 டாலர் காயின் வித்தியாசத்துல தெளிவா ஜெயிச்சுது. எண்பதாயிரம் கையிலகூடத் திறமையா அதிர்ஷ்டமான்னு பெரிய பெரிய ஆளுங்க சண்டை போட்ட விஷயம் இது. நீங்க ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி ரெண்டு மணி நேரம் ஆடி, போன வருஷம் ஜெயிச்சேன்னு சொன்னா எனக்கு அதுல இருந்து ஒண்ணும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

அதே சமயம் ஒவ்வொரு பாட்டுலயும் ஆப் ஒரு பங்கு எடுத்துக்கும். 2023 அக்டோபர்ல இருந்து, நீங்க உள்ள போடற முழுப் பணத்து மேலயும் 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்துச்சு. ஜெயிச்ச வருஷம் 30 சதவீத வரி, தோத்த வருஷம் சுழி. எதிராளியைவிடக் கொஞ்சம் நல்லா ஆடினாப் போதாது, இது எல்லாத்தையும் தாண்டி நல்லா ஆடணும். இப்ப சட்டமே கதவைச் சாத்திடுச்சு. மிச்சம் இருக்கற வெளிநாட்டு சைட்ல பணம் மாட்டினா நீங்க எந்த அலுவலகத்துல போய் நிப்பீங்க? கிரிப்டோ வாலட்ல இருந்து போன பணத்துக்கு என்கிட்ட வந்து வவுச்சர் கேக்காதீங்க.

நோட்டுல அப்படி இல்ல. 40 கையிலயே உங்க தப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிய ஆரம்பிச்சிடும், ஏன்னா ஒவ்வொரு கையிலயும் நாலு இடத்துல உங்க கணிப்பு எழுத்துல இருக்கு. ஜெயிச்சமா தோத்தமாங்கற ஒரே ஒரு எண்ணை நம்பி உக்கார வேண்டியதில்ல.

பையன்கிட்ட செப்டம்பர்ல நான் பேசினது இவ்வளவுதான், இதைவிடக் கொஞ்சம் கோபமா. வெளிநாட்டு சைட்ல போடறதுக்கு முன்னாடி நூறு கை எழுதிட்டு வாங்க, பாதிக்கு மேல உள்ள விழுந்தா உக்காந்து பேசலாம்னேன். பந்தயம்னே வெச்சுக்கோங்க.

தீபாவளி கழிச்சு வந்தார். கையில 80 பக்க ரூல்டு நோட்டு, 62 கை. நூறு முடியல, அதுக்குள்ள ஒரு சந்தேகமாம். பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. 41-ஆவது கையைத் திறந்து வெச்சுட்டு, "சார், இந்த ஆள் ஃப்ளாப்ல செக் பண்ணிட்டு டர்ன்ல பாட்டுக்கு மேல கட்டறார். நான் 31 கை மிச்சம்னு எழுதினேன், அவர் காட்டினது அதுல இல்ல. எங்க விட்டேன்?" அப்படின்னார். வெளியே ரெண்டு கிளையன்ட் காத்துட்டிருந்தாங்க. சிவப்பு பேனாவை எடுத்து அவர் ப்ரீஃப்ளாப் கணக்கைப் பார்த்தேன். மூணாவது வரியிலயே ஏஸ்-கிங்குக்கு 12-ன்னு போட்டிருந்தார். ஒரே சின்னத்துல வர்ற நாலை விட்டுட்டார்.